அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ஊர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம். தலைக்கு எண்ணெய் காய்ச்ச மஞ்சள் கரிசலாங்கண்ணி வேண்டும் என்று அம்மா கேட்டார். ஆடி மாசம் ஒரு நர்சரியில் நாலு கன்று வாங்கி வந்து வைத்தேன். இப்போது கிணற்றடி முழுக்கப் படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அம்மா ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது அது இல்லடா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் சந்தேகம்தான். இலை தடிப்பாக, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கிறது; நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அசல் செடியின் இலை ஒடுங்கி நீளமாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். நான் வாங்கியது அழகுக்கு வளர்க்கும் அமெரிக்க வெடிலியா போலிருக்கிறது. வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி எங்கள் ஏரிக்கரையிலேயே உண்டு; தண்டைக் கசக்கினால் விரல் கறுத்துவிடும், அதில் குழப்பமே இல்லை. மஞ்சள்தான் கிடைக்கவில்லை.

குடியாத்தம், ஒடுகத்தூர், காட்பாடி பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் இலையும் பூவும் தெரிய ஒரு போட்டோ போடுங்கள். கணுவில் வேர் விட்ட தண்டு இரண்டு போதும், ஞாயிற்றுக்கிழமை நானே வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், இந்த வெடிலியாவை எப்படி ஒழிப்பது? பிடுங்கிப் போட்ட துண்டும் வேர் விட்டுவிடுகிறது. வாய்க்காலுக்கு இன்னும் இரண்டு முழம்தான் பாக்கி.