பொருளியலில் ‘நிறுவனம்’ என்பதற்கு மாற்று: முறைமை

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். பொருளியலில் institution என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நிறுவனம்’ வேண்டாம், ‘முறைமை’ என்போம் என்று நான் சொன்னதற்கு நீங்கள் கேட்டவற்றுக்கு இது பதில்.

> ‘நிறுவனம்’ என்றே நிலைத்துவிட்டது. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

மாற்றத்தான் வேண்டும், அண்ணாச்சி. 2024இல் அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும் பொருளியல் நோபல் கிடைத்தபோது, ‘ஒரு நாடு வளர்வதும் தேய்வதும் அதன் நிறுவனங்களைப் பொறுத்தது’ என்று வகுப்பில் சொன்னேன். பாளையங்கோட்டைப் பிள்ளைகள் கம்பெனி என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 1993இல் அதே பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், ஆட்டத்தின் விதி (institution) வேறு, ஆடுகிற அணி (organization) வேறு என்று பிரித்தார். நாமோ இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, நிறுவனம்தான். ஆனால் சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் உறவின்முறைக்கு, அதாவது தங்கள் சாதிச் சங்கத்துக்கு, கொடுத்துவந்த மகமை? அது ஒரு விதி. கொடுப்பது கடமை என்ற எண்ணம்தான் அதைத் தாங்கியது. அந்தக் காசு பள்ளிக்கூடமாகவும் ஆனது. இதை நிறுவனம் என்று எப்படிச் சொல்ல?

தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் ‘இன்னைக்குத் தண்ணி யாரு முறை?’ என்று கேட்கிறார்கள். அந்த ‘முறை’யிலிருந்துதான் எடுக்கிறேன்: முறைமை. ஊர்கூடிக் கால்வாய் வெட்டும் குடிமராமத்து முதலில் எழுதா முறைமை. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதை எழுதிய முறைமையாகவும் ஆக்கியது. எழுதிய விதி, எழுதா விதி என்று நார்த் சொல்லும் இரு வகையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

> ‘முறை’ என்றாலே நல்லது என்ற தொனி வந்துவிடாதா?

வராது, அம்மா. ஒரு சாதியாரைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியதற்கும் ‘முறை’ என்றுதான் பெயர் சொன்னார்கள். அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த சிவகாசியில் 1899இல் மூண்ட கலவரம் அந்த முறையை ஒட்டித்தான். வளர்க்கும் முறைமையும் உண்டு, ஒடுக்கும் முறைமையும் உண்டு. மேலே சொன்ன மூவரின் ஆய்வும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஈழத்து நண்பர் சொன்னது சரி. அங்கே முறைமை என்றால் சிஸ்டம். பொருளியல் நூல்களில் அதற்கு ‘அமைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

value என்பதற்கு ‘விழுமியம்’ அப்படியே இருக்கட்டும். எழுதா விதிகளுக்கு ‘எழுதா முறைமை’யா, ‘வழக்கு முறைமை’யா என்பதில்தான் எனக்குத் தயக்கம். வழக்கு என்றால் கோர்ட்டு நினைவு வருகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.