76 வயது அப்பாவின் கார் இன்சூரன்ஸ் 430 பவுணிலிருந்து 790 பவுணுக்கு ஏறிவிட்டது, என்ன செய்யலாம்?

ஹரோ மகன்:

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்கு வயது 76, லண்டன் ஹரோவில் இருக்கிறார். கார் 2016 டொயோட்டா யாரிஸ் 1.3 பெற்றோல், முழுக் காப்புறுதி. போன வருடம் 430 பவுண். இப்போது வந்த ரினியூவல் கடிதத்தில் 790 பவுண். நோ கிளெய்ம்ஸ் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு) 9 வருடம், அதைப் பாதுகாக்கவும் தனியாகக் காசு கட்டுகிறோம். ஜனவரியில் நிறுத்தி வைத்திருந்த காரில் இன்னொருவர் வந்து இடித்தார். பிழை அவருடையது, திருத்தச் செலவு அவருடைய கொம்பனி கட்டியது. அப்பா நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். கண்புரைச் சத்திரசிகிச்சையும் செய்தவர். பொலிசி முடிய இன்னும் 26 நாள் இருக்கிறது.

என் கேள்விகள்: வயதைக் காரணம் காட்டி இப்படி ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறதா? பொலிசியை என் பெயரில் எடுத்து அப்பாவை இரண்டாவது சாரதியாகப் போட்டால் 520 தான் காட்டுகிறது, அப்படிச் செய்யலாமா? ஒவ்வொரு குளிர்காலமும் மூன்று மாதம் யாழ்ப்பாணம் போய்விடுவார், அந்த நேரம் காப்புறுதியை நிறுத்தி வைக்கலாமா?

பிரீமியம் கணக்கு:

சட்டம் இடம் கொடுக்கிறது. 2010 சமத்துவச் சட்டம் வயதுப் பாகுபாட்டைத் தடுத்தாலும், காப்புறுதி போன்ற நிதிச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. ஆபத்தை நம்பத்தகுந்த தரவுகளை வைத்து மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆணா பெண்ணா என்று பார்த்து விலை போடுவது 2012 டிசம்பர் 21 முதல் தடை. வயதுக்கு அந்தத் தடை வரவில்லை. விலை எழுபதுகளில் மெல்ல ஏறத் தொடங்கி எண்பதைத் தாண்டியதும் வேகமாக ஏறும். முதியவர்களின் விபத்துகள் பெரும்பாலும் வேகத்தால் வருபவை அல்ல. சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் தவறாகக் கணிப்பதால் வருபவை. காயம் பட்டால் ஆறவும் நாளாகும், இழப்பீட்டுச் செலவு கூடும்.

ஆனால் 75 வயது 76 ஆனதற்காக மட்டும் 360 பவுண் ஏறுவது அரிது. என் முதல் சந்தேகம் அந்த ஜனவரி இடியில்தான். மற்றவரின் கொம்பனி காசு கட்டியிருந்தாலும், உங்கள் கொம்பனியின் பதிவில் அது இன்னும் முடிக்கப்படாத கிளெய்மாக இருக்கலாம். முடிக்கப்படாத கிளெய்மைப் பொதுவாக உங்கள் பிழை என்ற கணக்கில்தான் வைத்து விலை போடுவார்கள். மற்றவரின் கொம்பனியிடமிருந்து முழுப் பணமும் வந்துவிட்டது என்று பதிவானால்தான் அது "பிழை இல்லாத கிளெய்ம்" ஆகும். ஆகவே கொம்பனிக்கு எடுத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஜனவரிச் சம்பவம் மூடப்பட்டுவிட்டதா, எந்த வகையில் மூடப்பட்டது?" மூடவில்லை என்றால் மற்றவரின் கொம்பனியிடம் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஒரு மின்னஞ்சல் வாங்கி அனுப்புங்கள், பிறகு விலையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். எல்லாக் கொம்பனிகளும் பார்க்கும் பொதுவான கிளெய்ம் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவிடம் இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். பதில் வர ஒரு மாதம் வரை ஆகலாம் என்பதால் இன்றே விண்ணப்பியுங்கள்.

போனஸ் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். அது காப்பாற்றுவது கழிவு வீதத்தை மட்டும்தான். அந்தக் கழிவு எந்தத் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறதோ, அந்தத் தொகை தாராளமாக ஏறலாம். இது பலருக்கு விளங்குவதில்லை, விற்பவர்களும் விளக்கிச் சொல்வது குறைவு.

அடுத்தது மைல் கணக்கு. வேலைக்குப் போன காலத்தில் கொடுத்த 10,000 மைல் போன்ற பழைய எண் அப்படியே கிடக்கலாம். அரசாங்க வலைத்தளத்தில் காரின் இலக்கத்தைப் போட்டால் ஒவ்வொரு எம்ஓடி சோதனையிலும் (கார் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தச் சோதனை) மீற்றர் எவ்வளவு காட்டியது என்று வரும். கடைசி இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அப்பாவின் உண்மையான வருட ஓட்டம். கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், குறைத்துக் கொடுக்க வேண்டாம். அதே கடிதத்தில் "பாவனை வகை" என்ற வரியையும் பாருங்கள். ஓய்வு பெற்றவருக்கு வேலைக்குப் போய்வரும் பாவனை தேவையில்லை. கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ தொண்டாக ஆட்களை ஏற்றி இறக்குகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். எரிபொருள் செலவு மட்டும் வாங்குவதாக இருந்தால் பல கொம்பனிகள் மேலதிகக் காசு கேட்பதில்லை.

கிராய்டன் கண்ணன்:

ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: செய்யாதீங்க. காரை யார் அதிகமா ஓட்டுறாரோ அவர்தான் முதன்மை ஓட்டுநர். அப்பா தினமும் ஓட்ட, பாலிசியில உங்க பேரை முதல்ல போட்டா அது மோசடின்னுதான் கணக்கு. இளம் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செய்யறதுதான் அடிக்கடி பிடிபடும், ஆனா திருப்பிச் செஞ்சாலும் விதி ஒண்ணுதான். விபத்துக்கு அப்புறம் இதைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்லை. கார் எந்த வீட்டு வாசல்ல நிக்குது, சர்வீஸுக்கு யார் கொண்டு போறாங்க, உங்களுக்கு வேற கார் இருக்கா, இதெல்லாம் கேப்பாங்க.

2012 நுகர்வோர் காப்பீட்டு வெளிப்படுத்தல் சட்டப்படி தப்பான தகவல் ரெண்டு வகை. கவனக்குறைவுன்னா விகிதாசாரமா குறைப்பாங்க: 800 கட்ட வேண்டிய இடத்துல 520 கட்டியிருந்தா 65 சதவீதம், அதாவது 6,000 பவுண்ட் இழப்புக்கு 3,900 தான் கைக்கு வரும். தெரிஞ்சே செஞ்சதுன்னு முடிவு பண்ணினா பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாததாக்கி, கட்டின பிரீமியத்தையும் வெச்சுக்கலாம். எதிராளிக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்ககிட்டயே திருப்பிக் கேக்கலாம். அதுக்கப்புறம் எங்க இன்சூரன்ஸ் எடுத்தாலும் "இதுக்கு முன்னாடி பாலிசி ரத்தானதுண்டா"ன்னு கேப்பாங்க, ஆமான்னுதான் சொல்லணும். அந்த ஒரு "ஆமா" இந்த 360 பவுண்டைவிட ரொம்ப அதிகச் செலவு வைக்கும்.

நேர்வழி ஒண்ணு இருக்கு. அப்பாவை முதன்மை ஓட்டுநராவே வெச்சு, நீங்க உண்மையிலேயே எப்பவாவது அந்தக் காரை ஓட்டுவீங்கன்னா உங்களை கூடுதல் ஓட்டுநரா சேர்த்துப் பாருங்க. நாற்பது, ஐம்பது வயசுல சுத்தமான லைசென்ஸ் உள்ளவர் சேர்ந்தா சில இடங்கள்ல விலை குறையும், சில இடங்கள்ல குறையாது. விலை ஒப்பிடும் தளத்துல ரெண்டு விதமாவும் போட்டுப் பார்த்தா உடனே தெரியும்.

எக்செஸ் தொகையையும் (கிளெய்ம் வந்தா நீங்க கையிலிருந்து கட்டற பங்கு) அப்படியே மாத்தி மாத்திப் பாருங்க. தானா ஏத்துக்கற எக்செஸை 100-லிருந்து 250 ஆக்கினா எவ்வளவு குறையுது, 500 ஆக்கினா எவ்வளவுன்னு. ஒரு கட்டத்துக்கு மேல குறையறது சில பவுண்ட்தான், அங்கேயே நிறுத்திடணும். கட்டாய எக்செஸும் இதோட சேரும்கிறதை மறக்காதீங்க. பத்து வருஷ யாரிஸுக்கு மொத்த எக்செஸ் 800, 900ன்னு போனா சின்ன இடிக்கு இன்சூரன்ஸ் பக்கமே போக முடியாது.

மாசத் தவணை கட்டறீங்கன்னா அது கடன். வருஷ வட்டி 20 சதவீதத்தைத் தாண்டறதும் உண்டு. முடிஞ்சா ஒரே தடவையில கட்டிடுங்க. பிரீமியத்துக்குள்ள 12 சதவீத காப்பீட்டு வரியும் இருக்கு, அதுல யாரும் தள்ளுபடி தர முடியாது.

மருந்தகத் தோழி:

எல்லாரும் விலையைப் பார்க்கிறீர்கள், நான் லைசென்ஸைப் பார்க்கச் சொல்கிறேன். பிரித்தானியாவில் 70 வயதில் லைசென்ஸ் முடியும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 70, 73, அடுத்தது 76. அப்பாவுக்கு இப்போது அந்த முறை வந்திருக்கக்கூடும். அட்டையின் முன்பக்கத்தில் 4பி என்ற இடத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். லைசென்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயின் சொந்த வலைத்தளத்தில் புதுப்பிக்கக் காசு இல்லை. தேடும்போது மேலே வரும் சில தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும், அவற்றில் விண்ணப்பிக்க வேண்டாம். முடியும் திகதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, ஓட்டக்கூடாது என்று வைத்தியரும் சொல்லவில்லை என்றால், புது அட்டை வரும்வரை ஓட்டப் பொதுவாகச் சட்டம் அனுமதிக்கிறது.

நோய் விடயத்தில் பலர் பயந்துபோய் ஒன்றுமே சொல்லாமல் விடுகிறார்கள். அது தேவையில்லாத பயம். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சாதாரணக் கார் லைசென்ஸுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. கிளிக்கிளசைட் சீனியை மிகவும் இறக்கிவிடக்கூடிய மருந்து. இன்னொருவர் உதவிதான் மீட்டது என்ற அளவுக்குக் கடுமையான சீனிக் குறைவு 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் வந்திருந்தால், அல்லது சீனி இறங்குவது அவருக்கே தெரியாமல் போகிறது என்றால், ஓட்டுவதை நிறுத்தி டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்றால் தேவையில்லை. ஓட்டப் போகும் முன் சீனி (லீற்றருக்கு மில்லிமோல் கணக்கில்) 5க்கு மேல் இருக்க வேண்டும். 4க்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது. சாப்பிட்டு, சீனி சரியான அளவுக்கு வந்து, அதற்குப் பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். பின்னாளில் இன்சுலினுக்கு மாற்றினால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டியதை அறிவிக்காமல் விட்டால் 1,000 பவுண் வரை அபராதம் உண்டு.

கண்ணைப் பொறுத்தவரை, 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் இலக்கத் தகட்டை வாசிக்க வேண்டும். கண் பரிசோதகர் அளக்கும் பார்வை 6/12 ஆவது இருக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம். கண்புரை எடுத்தபின் இந்த அளவு வந்துவிட்டால் அந்தச் சத்திரசிகிச்சையை அறிவிக்கத் தேவையில்லை. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா என்றால் அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 60க்கு மேற்பட்டவர்களுக்கு என்எச்எஸ் கண் பரிசோதனை இலவசம், அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருங்கள்.

இன்சூரன்ஸ் கொம்பனிகள் பெரும்பாலும் கேட்பது, டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஏதும் உண்டா, அறிவித்தாயிற்றா என்பதைத்தான். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கொடுத்தால் போதும்.

ஹரோ மகன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். மைல் 9,000 என்று இருக்கிறது, எம்ஓடி பதிவின்படி 3,600 தான். வேலைக்குப் போய்வரும் பாவனையும் அப்படியே கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது ஜனவரிச் சம்பவம் "திறந்த நிலையில்" என்றார்கள். லைசென்ஸ் நவம்பரில் முடிகிறது. யாழ்ப்பாணம் போகும் மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? கார் எங்கள் முற்றத்தில்தான் நிற்கும்.

ரெயின்ஸ்பார்க்:

முற்றத்தில் நிற்கும் கார் என்றால், பாவனையில் இல்லை என்று டிவிஎல்ஏக்கு அறிவித்துவிட்டுக் காப்புறுதியை நிறுத்தலாம். வீதி வரியில் மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்கும் காசு திரும்பி வரும். அறிவிக்காமல் காப்புறுதியை மட்டும் நிறுத்தினால் கார் அசையாமல் நின்றாலும் அபராதக் கடிதம் வரும்.

ஆனாலும் நிறுத்துவது லாபம் என்று நான் நினைக்கவில்லை. வருட நடுவில் ரத்துச் செய்தால் கட்டணம் பிடிப்பார்கள், அந்த வருடம் 12 மாதம் முடியாததால் நோ கிளெய்ம்ஸில் ஒரு வருடம் சேராது, மரம் விழுந்தாலோ களவு போனாலோ ஒன்றும் கிடைக்காது. காப்புறுதியைத் தொடர விட்டு, அந்த மூன்று மாதம் ஓடாததும் ஏற்கெனவே அடங்கிய உண்மையான மைல் கணக்கைக் கொடுப்பதே நல்லது. மைலுக்கு இவ்வளவு என்று வாங்கும் பொலிசியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், 3,600 மைலுக்கு அது பொருந்தக்கூடும்.

அவர் இல்லாத நாட்களில் பற்றரி இறங்கிவிடும் என்று நீங்கள் எடுத்து ஒரு சுற்று ஓட்டுவதானால் உங்கள் பெயரும் அப்பாவின் பொலிசியில் இருக்க வேண்டும். உங்கள் சொந்தப் பொலிசியில் "வேறு கார் ஓட்டலாம்" என்று இருந்தாலும் அது மூன்றாம் தரப்புக்கு மட்டும், யாரிஸுக்குச் சேதம் வந்தால் கிடைக்காது. மற்றது, ரினியூவல் திகதி அவர் ஊரில் நிற்கும்போது வருமானால் தானாகப் புதுப்பிக்கக் காசு எடுக்கும் வங்கி அட்டை அதற்குள் காலாவதியாகுமா என்று பாருங்கள். காசு எடுக்க முடியாமல் பொலிசி நின்றுபோகலாம், எச்சரிக்கைக் கடிதமும் பூட்டிய வீட்டுக்குத்தான் வரும்.

பிரீமியம் கணக்கு:

மூன்று பிழை கிடைத்திருக்கிறது, நல்லது. முதலில் மற்றவரின் கொம்பனியின் கடிதத்தை வாங்குங்கள். பிறகு உங்கள் கொம்பனிக்கு எடுத்து, கிளெய்ம், மைல், பாவனை மூன்றையும் ஒரே அழைப்பில் திருத்தி, புதிய விலையை எழுத்தில் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல், அதே வழியில் (இணையம், தொலைபேசி போன்றவை) வரும் புது வாடிக்கையாளருக்குக் கேட்பதைவிட அதிகமாகப் பழைய வாடிக்கையாளரிடம் ரினியூவலில் கேட்கக் கூடாது. அதனால் வெறுமனே பேரம் பேசிக் குறைவது முன்னரைவிடக் குறைவு, தகவலைத் திருத்தினால்தான் குறையும்.

அதே சரியான தகவலை வைத்து இந்த வாரமே வேறு இடங்களிலும் விலை எடுங்கள். மூன்று, நான்கு கிழமைக்கு முன்பு எடுப்பதுதான் பொதுவாக மலிவு, கடைசி நாளில் எடுப்பவர்களுக்கு விலை ஏறும். ஜனவரிச் சம்பவத்தை எல்லா இடத்திலும் சொல்லத்தான் வேண்டும், பிழை இல்லாவிட்டாலும். பெரும்பாலானவர்கள் ஐந்து வருடம் பின்னோக்கிக் கேட்பார்கள்.

எண்பது நெருங்கும்போது சில கொம்பனிகள் புது வாடிக்கையாளராக எடுக்க மாட்டோம் என்று சொல்லும். வயதால் மறுத்தால், எடுக்கக்கூடிய வேறிடத்தைக் காட்ட வேண்டும் என்று காப்புறுதிக் கொம்பனிகளின் சங்கமும் தரகர்களின் சங்கமும் அரசாங்கத்தோடு 2012 இல் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது. பிபா என்ற தரகர் சங்கத்துக்கு எடுத்தால் முதியவர்களுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கும் தரகரைச் சொல்வார்கள். ஒப்பிடும் தளங்களில் வராத பொலிசிகள் அவர்களிடம் உண்டு.

கிளெய்ம் பதிவைத் திருத்த மறுத்தால் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். விலை அதிகம் என்பதை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வது அரிது. பிழையான பதிவால் விலை ஏறியது என்றால் எடுத்துக்கொள்வார்கள்.

கொம்பனி மாறுவதானால் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கு மின்னஞ்சலும் வாங்குங்கள். அது நடக்காவிட்டால் ஒரே காருக்கு இரண்டு பொலிசி ஓடும், ஒரே நோ கிளெய்ம்ஸை இரண்டிலும் காட்டியதாகவும் ஆகும். பழைய பொலிசி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கடிதத்தில் இருக்கும். இரவு 11:59 என்றால் புதியதை அடுத்த நாள் 00:01க்குத் தொடங்கச் சொல்லுங்கள்.