பாண்ட் வாங்கிக் கொடுத்த பிறகும் இன்னொரு பாண்ட் கேட்கிறார்கள், எதற்கு?

ஃப்ரீமான்ட் டைல்காரன்

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஆறு ஆண்டுகளாகத் தனி ஆளாக டைல் வேலை செய்கிறேன். என் பெயரில் சி-54 உரிமம், அதாவது டைல் வேலைக்கான உரிமம், இருக்கிறது. பெரிய குடியிருப்பு வேலைகளை எடுக்கலாம் என்று, மனைவியின் தம்பி பணம் போட, ஒரு கார்ப்பரேஷன் தொடங்கியிருக்கிறோம். பங்கில் 95 விழுக்காடு அவனுடையது, 5 விழுக்காடு என்னுடையது. தேர்வு எழுதியதும் அனுபவம் உள்ளதும் நான்தான் என்பதால், உரிம விண்ணப்பத்தில் தகுதியாளராக, அதாவது ஆர்எம்ஓவாக (கம்பெனியின் பொறுப்பு நிர்வாக அதிகாரியாக), என் பெயரைக் கொடுத்தோம்.

உரிமம் பெறக் கொடுக்க வேண்டிய 25,000 டாலர் காண்ட்ராக்டர் பாண்ட் வாங்கி அனுப்பியாகிவிட்டது. அதற்குப் பிறகு சாக்ரமெண்டோவில் உள்ள உரிம வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் இரண்டு குறை சொல்கிறார்கள். ஒன்று, 'தகுதியாளர் பாண்ட்' என்று இன்னொரு 25,000 டாலர் பாண்ட் வேண்டும், அல்லது விலக்குப் படிவம் வேண்டும். இரண்டு, நாங்கள் அனுப்பிய பாண்டில் உள்ள பெயர் அவர்களுடைய பதிவோடு பொருந்தவில்லை.

ஒரே கம்பெனிக்கு எதற்கு இரண்டு பாண்ட்? ஏற்கெனவே என் சொந்த உரிமத்துக்கும் ஒரு பாண்ட் இருக்கிறது. அதையே காட்ட முடியாதா? ஏதாவது தவறு நடந்தால் பாண்ட் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றுதானே வருடாவருடம் பணம் கட்டுகிறோம்?

சான் ஹொசே பெயின்டர்

தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதைவிட அதுதான் ஆபத்து. பாண்ட் இன்ஷூரன்ஸ் அல்ல. நம் ஊரில் ஒருவர் கடன் வாங்கும்போது இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரே, அதுதான் இது. ஜாமீன் போட்டவர் கடனைக் கட்டினால் என்ன செய்வார்? நேராக உன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். இங்கேயும் அப்படித்தான். வாடிக்கையாளருக்குப் பாண்ட் கம்பெனி 10,000 டாலர் கொடுத்தால், அந்த 10,000 டாலரை உன்னிடம் திருப்பிக் கேட்கும். நீ கையெழுத்திட்ட காகிதத்தில் இழப்பீட்டு ஒப்பந்தம் என்று ஒரு பக்கம் இருக்கும், எடுத்துப் படி. என்னுடையதில் என் மனைவியும் கையெழுத்திட்டிருக்கிறார். கம்பெனி கார்ப்பரேஷனாக இருந்தாலும் பாண்டுக்குச் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

உனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக இருக்கிறது. பாண்ட் உன் வாடிக்கையாளருக்கும், நீ கூலி பாக்கி வைத்தால் உன் தொழிலாளிக்கும்.

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

பெயின்டர் ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் இந்தப் பாண்டுகளை விற்பவள். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டுக்கும் வருகிறேன்.

காண்ட்ராக்டர் பாண்ட் உரிமத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. கார்ப்பரேஷனுக்குத் தனி உரிமம், ஆகவே தனிப் பாண்ட். உங்கள் பழைய பாண்டைக் காட்ட முடியாது. தொகை 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலர். அதற்கு முன் 15,000.

தகுதியாளர் பாண்ட் ஏன் என்றால்: கம்பெனியின் உரிமம் உங்கள் தேர்ச்சியையும் அனுபவத்தையும் நம்பி நிற்கிறது. ஆனால் கம்பெனியில் உங்களுக்குப் பெரிய பங்கு இல்லை. 'இவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லையே' என்று சட்டம் நினைக்கிறது. அதனால் உங்களை முன்வைத்து இன்னொரு 25,000 கேட்கிறது. வாக்குரிமை உள்ள பங்கில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ உங்களுக்கு இருந்து, அதை வாரியத்தின் படிவத்தில் உறுதிசெய்தால் இந்தப் பாண்ட் தேவையில்லை. அவர்கள் குறிப்பிடும் விலக்குப் படிவம் அதுதான். உங்களிடம் 5 விழுக்காடு மட்டும் இருப்பதால் இப்போது விலக்குக் கிடையாது. பங்கே இல்லாத ஊழியரைத் தகுதியாளராக வைத்தால் விலக்கு என்ற பேச்சே இல்லை, பாண்ட் கட்டாயம்.

பெயர்க் குறை: பாண்டை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் பாதிக்குப் பாதி, கடைசியில் வரும் 'இன்க்' விட்டுப்போன வழக்குதான்.

ஃப்ரீமான்ட் டைல்காரன்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அம்மா. 'இன்க்' மட்டும் அல்ல, கம்பெனிப் பெயரே இல்லை. என் சொந்தத் தொழில் பெயரையே போட்டிருக்கிறார்கள். பழைய முகவருக்கு மின்னஞ்சலில் 'இன்னொரு பாண்ட் வேண்டும்' என்று ஒரு வரி எழுதினேன். அவர் பழைய விவரத்தையே அச்சடித்து அனுப்பிவிட்டார். நானும் பார்க்காமல் உறையில் போட்டேன். தவறு என்னுடையதும்தான்.

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

பயப்பட வேண்டாம். பாண்ட் கொடுத்த கம்பெனியிடமே சரியான பெயரில் புதிதாகக் கேளுங்கள். வந்ததும் இரண்டைப் பாருங்கள்: ஜாமீன் கம்பெனியின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டிருக்கிறாரா, நடைமுறைக்கு வரும் தேதி என்ன. அந்தத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் பாண்ட் வாரியத்தின் கைக்குப் போய்விட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், மேசை டிராயரில் நான்கு மாதம் கிடந்து வீணாய்ப்போன பாண்டுகளைக் கண்டிருக்கிறேன்.

பேக்கர்ஸ்ஃபீல்டு கொத்தனார்

இந்தத் தலைவலியே வேண்டாம் நண்பரே. கார்ப்பரேஷனைக் கலைத்துவிட்டு எல்எல்சியாக (வரையறுத்த பொறுப்புக் கம்பெனியாக) மாற்றுங்கள். என் நண்பர் அப்படித்தான் செய்தார், கணக்கு வழக்கு எளிது.

சான் ஹொசே பெயின்டர்

நண்பரே, அவர் உங்களிடம் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் காண்ட்ராக்டர் உரிமம் எடுக்கும் எல்எல்சி, 25,000 பாண்டோடு தொழிலாளர் நலனுக்காக இன்னொரு 1,00,000 டாலர் பாண்டும் கொடுக்க வேண்டும். குறைந்தது பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். இரண்டு பேர் டைல் ஒட்டும் கம்பெனிக்கு இது கொசுவுக்குப் பீரங்கி. தம்பி, இந்தப் பக்கம் தலை வைக்காதே.

இனி நீ கேட்காத ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. புதுக் கம்பெனியின் வேலைகளை யார் மேற்பார்வையிடப் போகிறார்கள்? நீயா, மைத்துனரா?

ஃப்ரீமான்ட் டைல்காரன்

கோபம் எதற்கு அண்ணா. முதலில் என் சொந்த வேலைகளையும் பார்த்துக்கொண்டு, கம்பெனிக்குப் பெயரளவில் இருந்தால் போதும் என்றுதான் பேசிக்கொண்டோம். அவன் ஆட்களை வைத்து வேலையை நடத்துவான்.

சான் ஹொசே பெயின்டர்

அதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தப் 'பெயரளவில்' என்ற சொல்லை இத்தோடு விட்டுவிடு. தகுதியாளர் என்றால் நேரடி மேற்பார்வை. அதைச் செய்யாமல் உரிமத்துக்குப் பெயர் மட்டும் கொடுப்பது இங்கே குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, 3,000 முதல் 5,000 டாலர் அபராதம், அல்லது இரண்டும். 5 விழுக்காடு பங்கு, வேறிடத்தில் சொந்தத் தொழில் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அதிகாரிக்கு என்ன தோன்றும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. உன் சொந்த உரிமத்தையும் நடப்பில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கும் தகுதியாளராக இருக்க, இரண்டிலும் உனக்குக் குறைந்தது 20 விழுக்காடு உரிமைப் பங்கு இருக்க வேண்டும். சொந்தத் தொழில் முழுக்க உன்னுடையது, அது சரி. கம்பெனியில் 5 என்றால் போதாது. ஆக, நீ தகுதியாளர் பாண்டைக் கட்டினாலும்கூட இந்த இடத்தில் மாட்டிக்கொள்வாய். உன் முன்னால் இருக்கும் வழி இரண்டுதான். சொந்த உரிமத்தைச் செயலற்ற நிலைக்கு மாற்றிவிட்டு, 10 விழுக்காட்டுக்குப் பங்கை உயர்த்தி விலக்கு வாங்கு, அல்லது பாண்டைக் கட்டு. இல்லையென்றால் பங்கை 20 ஆக்கிக்கொண்டு இரண்டையும் நடத்து. எதுவானாலும் பங்கு மெய்யாகவே கைமாற வேண்டும். படிவத்துக்காக எழுதிக்கொண்டு உள்ளுக்குள் வேறு கணக்கு வைத்தால், அது பொய்ச் சான்று.

டப்ளின் வீட்டுக்காரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் காண்ட்ராக்டர் அல்ல, அவர்களிடம் ஏமாந்தவள். சமையலறை வேலைக்கு ஒருவரிடம் 8,000 டாலர் முன்பணம் கொடுத்தேன். பழைய அலமாரிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு மாதமாகக் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவுகிறேன். அவருடைய 25,000 டாலர் பாண்ட் எனக்கென்று தனியாக இருக்கிறதா?

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

தனியாக இல்லை சகோதரி. ஒரு வீட்டுக்கு 25,000 என்று கணக்கு கிடையாது. அவரால் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து அதே 25,000 தான். உங்களுக்கு முன் நான்கு பேர் கேட்டு வாங்கியிருந்தால் மிச்சம் குறைவாக இருக்கும். உங்களுக்குச் சாதகமான ஒன்று: தான் வாழும் வீட்டைச் சீரமைத்த உரிமையாளருக்கு முழுத் தொகை வரை வழி உண்டு. மற்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 7,500 டாலர்தான் உச்சவரம்பு. அதனால் தாமதிக்க வேண்டாம்.

வாரியத்தின் இணையதளத்தில் அவருடைய உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாண்ட் கம்பெனியின் பெயர், பாண்ட் எண், நடைமுறைத் தேதி எல்லாம் வரும். அவர் இடையில் பாண்ட் கம்பெனியை மாற்றியிருந்தால், உங்கள் வீட்டில் தவறு நடந்த நாளில் எது நடப்பில் இருந்ததோ, அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒப்பந்தம், காசோலை நகல், படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். வாரியத்திலும் புகார் கொடுங்கள். பாண்ட் கம்பெனி விசாரிக்காமல் பணம் தராது. அவர் தரப்பையும் கேட்பார்கள்.

சான் ஹொசே பெயின்டர்

அம்மா, அந்த 8,000 முன்பணமே சட்டத்துக்குப் புறம்பானது. வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதுதான். நீங்கள் புகாரில் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைச் செய்துவிட்டு 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்கிறார்கள். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

பேக்கர்ஸ்ஃபீல்டு கொத்தனார்

எல்எல்சி பற்றி அறியாமல் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. என் சந்தேகம் ஒன்று. பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளி நிர்வாகம்) ஒன்றில் மதில் கட்டும் வேலைக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறேன், 60,000 டாலர். அங்கேயும் பாண்ட் கேட்கிறார்கள். உரிமப் பாண்ட் எண்ணைக் கொடுத்தால் 'இது அல்ல' என்கிறார்கள்.

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

அது வேறு இனம். உரிமப் பாண்ட் நீங்கள் சட்டப்படி நடப்பதற்கு ஜாமீன். அவர்கள் கேட்பது அந்த ஒரு வேலைக்கு மட்டுமான பாண்ட். கலிஃபோர்னியாவில் 25,000 டாலரைத் தாண்டும் அரசு வேலைகளுக்கு, தொழிலாளிக்கும் பொருள் கொடுத்தவருக்கும் பணம் போய்ச்சேரும் என்பதற்கான 'பேமெண்ட் பாண்ட்' கட்டாயம். தொகை ஒப்பந்தத்தின் முழு மதிப்பு. வேலையை முடித்துக்கொடுப்பேன் என்பதற்கான 'பெர்ஃபார்மன்ஸ் பாண்டும்' கேட்கிறார்களா என்று ஏலக் காகிதத்தில் பாருங்கள். இதற்குக் கம்பெனிகள் உங்கள் கணக்குப் புத்தகம், வங்கி இருப்பு, முன்பு முடித்த வேலை எல்லாவற்றையும் கேட்கும். கடைசி நாளில் ஓடி வராதீர்கள்.

ஃப்ரீமான்ட் டைல்காரன்

பங்கை 20 ஆக்குகிறோம். மைத்துனனோடு நேற்று இரவு உட்கார்ந்து பேசினேன். முதலில் முகம் சுளித்தான். மேற்பார்வைச் சட்டத்தைக் காட்டியதும் அடங்கிவிட்டான். நான் பங்குக்கு உரிய பணத்தை வங்கி வழியாகவே கொடுக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். என் பழைய உரிமத்தின் பாண்ட் அடுத்த மாதம் புதுப்பிக்க வருகிறது. மில்பிடாஸில் ஒரு குளியலறை வேலை அந்த உரிமத்தில் பாதியில் இருக்கிறது, இன்னும் ஐந்து வாரம் ஆகும். அதற்குப் பிறகு பழையதைச் செயலற்றதாக்க நினைக்கிறேன். ஐந்து வாரத்துக்காக ஓர் ஆண்டுப் பணம் கட்ட வேண்டுமா? விட்டுவிட்டால் என்ன?

சான் ஹொசே பெயின்டர்

விடாதே. பாண்ட் இல்லாமல் போனால் உரிமம் தானாகவே முடக்கப்படும். முடங்கிய உரிமத்தோடு செய்த வேலைக்குக் கூலி கேட்டு நீதிமன்றம் போக முடியாது. வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி. அதோடு நிற்காது, வாடிக்கையாளர் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். பாண்டுக்கு நீ கட்டுவது எவ்வளவு? என்னுடையது ஆண்டுக்கு 200 டாலருக்குக் கொஞ்சம் மேல். மில்பிடாஸ் குளியலறையின் மதிப்பு என்ன? கணக்கை நீயே போடு.

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

புதுப்பித்துவிடுங்கள். வேலை முடிந்து, கடைசிப் பணமும் வந்த பிறகு உரிமத்தைச் செயலற்றதாக்க விண்ணப்பியுங்கள். செயலற்ற உரிமத்துக்குப் பாண்ட் தேவையில்லை. வாரியத்தின் பதிவில் நிலை மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பாண்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். மீதி மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை உங்கள் முகவரிடம் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தவறுதலாக இடைவெளி விழுந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. பழைய பாண்ட் நின்ற அதே நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி புதுப் பாண்ட் வாங்கி, 90 நாளுக்குள் வாரியத்தில் சேர்த்தால் உரிமம் தொடர்ந்ததாகவே கொள்வார்கள். அவசரத்துக்கு மட்டும் இதை நினைவில் வையுங்கள். முன்தேதியிட்டுப் பாண்ட் தர எல்லாக் கம்பெனியும் சம்மதிப்பதில்லை.

ஃப்ரீமான்ட் டைல்காரன்

புதுப்பித்துவிட்டேன். சரியான பெயரில் புதுப் பாண்டும் இன்று வந்தது. இந்த முறை விண்ணப்ப நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனைவி ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க நான் சரிபார்த்தேன். 'இன்க்' இருக்கிறது. அதற்கு முன் ஒரு காற்புள்ளி, அது விண்ணப்பத்தில் இல்லை. அனுப்பலாமா?

பாண்ட் முகவர், சாக்ரமெண்டோ

அனுப்ப வேண்டாம். முகவரை அழைத்துக் காற்புள்ளியை எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.