பெஞ்ச் வாரண்டுக்குத் தமிழில் என்ன? 'வராமைப் பிடியாணை'க்கு என் ஓட்டு

வணக்கம் நண்பர்களே,

பெஞ்ச் வாரண்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு மடல்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே வருகிறேன். ஆளுக்கொரு சொல் போட்டாயிற்று, முடிவுதான் வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் உறுப்பினர் கேட்டது சின்ன விஷயம். அவர் ஊர் நீதிமன்றக் கையேட்டைத் தமிழ் முதியவர்களுக்காக மொழிபெயர்க்கிறார். தன் பேரில் பெஞ்ச் வாரண்ட், அதாவது பெரும்பாலும் வழக்குக்கு வராதவரைப் பிடித்துவரச் சொல்லி நீதிபதி தாமே போடும் பிடியாணை, இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இருந்தால் எப்படித் தீர்ப்பது என்பதுதான் கையேடு. அந்தப் பெஞ்ச் வாரண்டிலேயே வண்டி நின்றுவிட்டது.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பேராக் மாநிலத்தில் பல கீழ் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்று ஓய்வு பெற்றவன். இந்தச் சொல் இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஒருவேளை முடிவெடுக்க உதவும்.

முதலில் வந்த யோசனைகள்.

> பெஞ்ச் என்றால் அமர்வு. அமர்வுப் பிடியாணை என்று போட்டுவிடலாம்.

சென்னை நண்பர் எழுதியது. ஐயா, மதுரை அமர்வு, இரு நீதிபதிகள் அமர்வு என்று உங்கள் பத்திரிகைகளில் படித்துப் பழகியதால் உங்களுக்கு இது இயல்பாகப் படுகிறது. ஆனால் செஷன்ஸ் கோர்ட்டையும் நீங்கள்தானே 'அமர்வு நீதிமன்றம்' என்கிறீர்கள்? எங்களுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டு ஒன்று, அதற்கு மேலே செஷன்ஸ் கோர்ட்டு ஒன்று. 'அமர்வுப் பிடியாணை' என்று சொன்னால் மேல் கோர்ட்டிலிருந்து வந்த வாரண்ட் என்று நினைத்து ஆள் தப்பான மாடியில் போய் நிற்பார்.

'இருக்கைப் பிடியாணை' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாற்காலியைப் பிடிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது.

'மன்றப் பிடியாணை' கேட்க அழகு. ஆனால் எந்தப் பிடியாணை மன்றத்திலிருந்து வரவில்லை? அமெரிக்காவில் சாதாரண அரெஸ்ட் வாரண்டும் நீதிபதி கையெழுத்தில்தான் போகிறது. அதில் போலீஸ் சத்தியம் செய்து, இன்னார் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்பக் காரணம் காட்டிக் கேட்கிறது. பெஞ்ச் வாரண்டுக்கு யாரும் கேட்க வேண்டாம். வழக்கு ஏற்கெனவே நீதிபதி முன்னால் இருக்கிறது, பெயர் கூப்பிட்டாயிற்று, ஆள் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பிறப்பித்துவிடுகிறார். பெஞ்ச் என்ற பெயர் அங்கிருந்துதான். அதனால் சொல்லில் வர வேண்டியது நீதிபதி எங்கே உட்கார்ந்தார் என்பதல்ல, ஆள் ஏன் தேடப்படுகிறார் என்பது.

இங்கே தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடிகாலை ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில், கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, விரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. காய்ச்சலா, சாவு வீடா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலை ஒன்பது மணியும் கிட்டத்தட்ட அதேதான். வழக்கு எண்ணைப் படித்து, பெயரைப் படித்து, வெளியே வராந்தாவிலும் மூன்று தடவை கூவிப் பார்ப்பார்கள். அப்புறம் 'வாரான் தங்காப்'. மலாய் மொழியில் அவ்வளவுதான். பிடிக்கிற வாரண்ட், எதற்குப் பிடிக்கிறது என்ற பேச்சே கிடையாது.

அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அக்கா ஒருத்தர் நினைவுக்கு வருகிறார். மகனுக்கு ஜாமீன் போட்டவர், அதற்கு ஈடாக அவருடைய வங்கிப் புத்தகம் கோர்ட்டில் கிடக்கிறது. மகன் அன்றைக்கு வரவில்லை. 'உங்க மகன் மேல பிடியாணை போட்டிருக்காங்கம்மா' என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். 'ஐயோ, யாரையும் வெட்டிப்புட்டானா?' என்று கேட்டார். பிடியாணை என்ற சொல் அவருக்கு வானொலிச் செய்தியில் கேட்ட சொல். கொலை, கொள்ளை, தலைமறைவு இவற்றோடு மட்டும் வருவது. வரவில்லை என்பதற்காகப் போட்டது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வந்தால் பேசலாம் என்று புரியவைக்க எனக்கு கால் மணி நேரம் ஆனது. அடுத்த வழக்கு காத்துக்கொண்டிருந்தது, திட்டும் வாங்கினேன்.

அதனால்தான் தமிழாசிரியர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு எழுத்து திருத்த வேண்டும்.

> சுருக்கமாக 'வராப் பிடியாணை' எனலாம்.

ஐயா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியது. பாடாத் தேனீ என்றால் பாடாதது தேனீ. அப்படிப் பார்த்தால் வராப் பிடியாணை என்பது வந்து சேராத பிடியாணை. கடன்காரர்கள் எல்லோருக்கும் பிடித்த பிடியாணையாக இருக்கும்! 'மை' சேர்த்து 'வராமைப் பிடியாணை' என்றால் வராமைக்கான பிடியாணை என்று பொருள் சரியாக விரிகிறது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'முன்னிலையாகாமைப் பிடியாணை' பொருளில் இன்னும் துல்லியம், மறுக்கவில்லை. ஆனால் அதை நெரிசலான கோர்ட்டில் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

நேற்று பசாரில் தேநீர்க் கடையில் சோதித்தும் பார்த்தேன். கடைக்கார அம்மாவிடம் எந்த விளக்கமும் இல்லாமல் 'வராமைப் பிடியாணைன்னா என்னம்மா?' என்றேன். பால் ஊற்றிக்கொண்டே, 'வரலேன்னு புடிக்க வர்றாங்களா? அப்ப போயிட வேண்டியதுதானே' என்றார். கையேட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் அபராதம் கட்டாததற்கும், நீதிமன்றக் கட்டளையை மீறியதற்கும்கூட பெஞ்ச் வாரண்ட் போடுவார்கள். 'வராமை' அதையெல்லாம் மூடாது. அங்கெல்லாம் 'கட்டாமைப் பிடியாணை', 'கட்டளை மீறல் பிடியாணை' என்று பிரித்து எழுதச் சொல்கிறேன். ஒரே குடையில் எல்லாவற்றையும் அடக்க 'பணியாமை' என்றொரு சொல் வைக்கலாம்தான், ஆனால் அதில் ஆண்டான் வாடை அடிக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும்.

அடுத்தது, வாரண்ட் போட்ட கோர்ட்டே அதை எடுத்துவிடுவதற்கான சொல். சென்னை வக்கீல்கள் 'ரீகால்' என்கிறார்கள். 'மீளழைப்பு' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அப்படி எழுதினால் ஆளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று படும். 'பிடியாணை ரத்து' போதும். ரத்து அரபுச் சொல் என்று சண்டைக்கு வருபவர்கள் முதலில் 'வக்கீல்', 'ஜாமீன்' இரண்டையும் விட்டுவிட்டு வரட்டும்.

ரத்து என்ற சொல் ஏன் தெளிவாக இருக்க வேண்டும் என்றால், வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 38ஆம் பிரிவைப் பாருங்கள்: பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றப்படும்வரை அது உயிரோடு இருக்கும். இந்தியாவில் 2024 வரை நடப்பில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70ஆம் பிரிவும் ஏறக்குறைய அதே வாசகம்தான். ஒரே வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற அச்சு.

இதற்கு என் அக்கா மகன் கதையே சாட்சி. லைசன்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டி வேறொரு ஊரில் மாட்டினான். சம்மன் கடிதம் அவன் ஐசியில் (அடையாள அட்டையில்) இருந்த பழைய தோட்ட முகவரிக்குப் போனது. அந்த லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இப்போது அங்கே செம்பனைகூட இல்லை, வீட்டுமனை. முகவரியை மாற்றாதது அவன் தப்புதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரோட்பிளாக்கில் ஐசி எண்ணைத் தட்டினார்கள், வாரண்ட் இருப்பது தெரிந்தது. ராத்திரி லாக்கப். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள், அபராதம் கட்டி வெளியே வந்தான். முன்பே தெரிந்திருந்தால் ஒரு வேலை நாளில் ஐசியோடு அந்த ஊர்க் கோர்ட்டுக் கவுண்டருக்குப் போய், வழக்கு எண்ணைக் கேட்டு, அன்றைக்கே முன்னிலையாகி முடித்திருக்கலாம். எங்கள் ஊர்க் கோர்ட்டில் கேட்டுப் பயனில்லை. போட்ட கோர்ட்டுதான் எடுக்க வேண்டும்.

கையேட்டில் அமெரிக்க முறையை அப்படியே வையுங்கள், எங்கள் நடைமுறையைக் கலக்க வேண்டாம். அங்கே கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் கேட்பது, வக்கீல் வைத்து ரத்து மனு போடுவது, சில ஊர்களில் வாரண்ட் உள்ளவர்கள் தாமாக வந்து தீர்த்துக்கொள்ள ஒதுக்கும் நாட்கள் எல்லாம் அவர் எழுதியபடியே இருக்கட்டும். 'கிளார்க்' என்பதை 'எழுத்தர்' என்று மாற்றியிருக்கிறார். எங்கள் பக்கம் வாசித்தால் கிராணி என்றுதான் மனதில் ஓடும், பரவாயில்லை.

யாழ்ப்பாணத்து அக்கா, 'வராமை' உங்கள் பக்கம் காதுக்கு இடறுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். இடறாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். ஜாமீன் போட்டவரைக் குறிக்க 'பிணையாளி'யா 'பிணைதாரர்' என்பதா என்று இன்னொரு மடலில் ஆரம்பிக்கிறேன், அதில் அந்த அக்காவின் வங்கிப் புத்தகம் என்ன ஆனது என்பதையும் எழுதுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து