புதுப்பிப்பு: ஜான் ஹவ்லண்டின் மனைவி யார் மகள்?

முந்தைய இழையில், 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் போய்ச் சேர்ந்த ஜான் ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர் கார்வரின் பேத்தி என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஆதாரம் கேட்ட நண்பருக்கு நன்றி. அவர் கேட்டதால்தான் மறுபடி தேடினேன்.

ஹவ்லண்ட் கார்வரின் பணியாளாக வந்தவர். அதனாலோ என்னவோ, கார்வர் வீட்டுப் பெண்ணை மணந்தார் என்ற கதை தலைமுறை தலைமுறையாக ஓடியது. அதை உடைத்தது, கார்வருக்குப் பின் ஆளுநரான பிராட்ஃபோர்ட் பிளிமத் குடியேற்றத்தைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதி. பல காலம் காணாமல் போயிருந்த அது, லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடைத்து 1856இல் அச்சானது. அதிலுள்ள பயணிகள் பட்டியலில் "ஜான் டில்லி, அவர் மனைவி, மகள் எலிசபெத்" என்று தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ தேவாலயப் பதிவில் 1607 ஆகஸ்டில் அவளுக்கு ஞானஸ்நானம்.

அப்படியென்றால் வந்திறங்கியபோது வயது 13. முதல் குளிர்காலத்திலேயே அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். இந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் மேலே போக முடியவில்லை. பின்னால் அவள் பத்துப் பிள்ளைகளுக்குத் தாயானாள்.

அப்புறம், ஹவ்லண்ட் இறந்த ஆண்டு 1672ஆ, 1673ஆ என்ற கேள்வி. இரண்டும் ஒன்றுதான். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. அவர் இறந்தது பிப்ரவரியில். அதனால் அன்றைய கணக்கில் அது இன்னும் 1672, இன்றைய கணக்கில் 1673.

அடுத்து இங்கிலாந்தின் ஃபென்ஸ்டன்டன் ஊரில் அவருடைய பெற்றோர் பக்கம் பார்க்கிறேன்.