புதுப்பிப்பு: வரவேற்பா, நாடகமா? போய் வந்தாச்சு

ஒரே சனிக்கிழமை மாலையில் அத்தை மகள் கல்யாண வரவேற்பு, நண்பர் வீட்டு கிரகப்பிரவேசம், எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகம். எதை விடுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் கார்த்திகைக் கடைசியில் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது.

உங்களில் பலர் சொன்னபடியே செய்தேன். கிரகப்பிரவேசத்துக்குக் காலையிலேயே போய்ப் பால் குடித்துவிட்டு வந்தேன். அத்தையிடம் முன்கூட்டியே பேசி, முகூர்த்தத்துக்கு வருகிறேன் என்றேன். "வந்து தாலி கட்டுறதைப் பாரு, அது போதும்" என்றார். மனசு லேசானது.

நாடகம்? அந்த அரங்கம் 1896-இல் கட்டியது. அரைவட்டமாக, படிப்படியாக உயரும் இருக்கைகள். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மைக் இல்லை. இறந்துபோன கணவரின் சட்டையை மடித்துக்கொண்டே அந்த நடிகை ஒரு பெயரை முணுமுணுத்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சட்டைப் பொத்தானை அவர் விரல் தடவியதுகூடத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

அப்புறம், காரில் வேண்டாம், மெட்ரோவில் போ என்று சொன்னவருக்குத் தனியாக நன்றி. பாந்தியன் சாலை முழுக்க நெரிசல். அடுத்த வாரம் கச்சேரிகள் தொடங்குகின்றன. நாடகத்துக்கென்று இரண்டு மாலைகளை இப்போதே ஒதுக்கிவிட்டேன்.