ஊருக்குப் போகிறவர்கள் வீட்டு நாய், பூனையைப் பார்த்துக்கொள்ளச் சான்றிதழ் தேவையா?

குடந்தை_கீழவீதி:
கும்பகோணத்தில் எங்கள் நகர்க் குழுவில் ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது கல்யாணம், ஆஸ்பத்திரி என்று இரண்டு மூன்று நாள் வெளியூர் போனால், அவர்கள் வீட்டு நாய், பூனையை இன்னொருவர் காசு வாங்காமல் பார்த்துக்கொள்வார். இப்போது அதில் தகராறு. ஆன்லைன் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் மட்டும்தான் சாவியைக் கொடுக்கணும் என்கிறார்கள் சிலர். சோறு வைத்துத் தண்ணீர் ஊற்ற எதற்குப் படிப்பு என்கிறார்கள் மற்றவர்கள். சட்டப்படி ஏதாவது கட்டாயம் உண்டா? இல்லையென்றால் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பட்டியலில் இன்சுலின் போடும் பொமரேனியன் ஒன்று, சிப்பிப்பாறை ஒன்று, பூனைகள் மூன்று.

வெட்டாறு:
அப்படி ஒரு சான்றிதழை நம் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017 விதிகள், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018 விதிகள். பக்கத்து வீட்டு நாய்க்குச் சோறு வைப்பவர் இரண்டிலும் வரமாட்டார்.

அதற்காகப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்மேல் கடமையை வைக்கிறது. சாவியை வாங்கிய நிமிஷத்திலிருந்து அது நீங்கள்தான். காசு வாங்கவில்லை என்பது அங்கே செல்லாது.

அடுத்து 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். வைத்தியம் பார்ப்பது பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. டாக்டர் எழுதிய மாத்திரையை எழுதிய அளவில் கொடுப்பது வேறு, "போன தடவை இதைத்தான் கொடுத்தார்" என்று நாமே மெடிக்கலில் வாங்கிப் போடுவது வேறு. எந்தக் கோர்ஸ் முடித்தாலும் இது மாறாது. அமெரிக்காவில் பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகின்றன; அது இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு. இலவசமாகச் செய்கிற உங்கள் குழுவில் அதைக் கட்டாயமாக்கினால் சாவி வாங்க ஆள் மிஞ்சாது.

மருந்துப்பெட்டி:
வெட்டாறு சார் சொன்னதில் பாதிக்குத்தான் நான் ஒத்துப்போவேன். சான்றிதழ் வேண்டாம், சரி. பயிற்சியும் வேண்டாம் என்று யாரும் படித்துவிடக் கூடாது. முக்கியமாக அந்த இன்சுலின் நாய்க்கு.

நம் ஊர் மெடிக்கலில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட்டிலும் வரும், 100 யூனிட்டிலும் வரும். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மில்லி. குப்பி 100 யூனிட் வகையாக இருந்தால் உள்ளே போவது 10 இல்லை, 25 யூனிட். பொமரேனியன் அளவு நாய்க்கு அது உயிருக்கு ஆபத்து. அதனால் குப்பியும் அதற்கேற்ற சிரிஞ்சும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். வீட்டுக்காரர் கண் முன்னால் இரண்டு வேளையாவது போட்டுக் காட்டியவருக்குத்தான் சாவி.

முதலில் சாப்பாடு, பிறகுதான் ஊசி. சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டது என்றால் முழு டோஸ் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்து உள்ளே போனதா, முடியில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் சமாளிக்கலாம், இரட்டை டோஸைச் சமாளிப்பது கஷ்டம். தள்ளாட்டம், நடுக்கம், துவண்டு விழுவது தெரிந்தால் தேனையோ குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே கிளம்புங்கள். நினைவில்லாத நாயின் வாயில் எதையும் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

பூனைக்கு மாத்திரையை வெறுமனே விழுங்க வைப்பதும் தப்பு. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகிச் சுருங்கிவிடும். மாத்திரை போன உடனே ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரை வாயோரமாக மெதுவாக விடுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்குத் துண்டுகூட ஆகாது. நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான். ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சொட்டு மூத்திரம் வரவில்லையா, விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டிலுக்கடியில் பதுங்கிய பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் "கோவிச்சுக்கிட்டிருக்கு" என்று விடவும் கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.

வயலோரம்:
கோர்ஸ்களில் சாக்லேட், திராட்சை எல்லாம் வரும். நம்ம டெல்டாவில் முதலில் பயப்பட வேண்டியது எலி மருந்துக்கு. வயலில் வைக்கிற ஜிங்க் பாஸ்பைடு கறுப்புப் பொடி, பூண்டு நாற்றம் அடிக்கும். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பின் வாயுவாகிறது. சோறு, பால் கொடுத்தால் அமிலம் இன்னும் சுரக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற வேலையும் வேண்டாம். காரில் ஏற்றினால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் விஷம். கட்டியாக வரும் புரோமாடியோலோன் வேறு மாதிரி. அன்றைக்கு நாய் நன்றாக ஓடியாடும், சில நாள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 உண்டு. எதைத் தின்றது என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மருந்து போட முடியும், ஆகவே உறையையும் எடுத்துப் போங்கள்.

வரப்பில் எலி பிடிக்கக் கிட்டி என்ற பொறி வைத்திருப்பார்கள். தஞ்சாவூர் கிட்டி என்று பெயரே இருக்கிறது. மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் நாயின் மூக்கும் முன்னங்காலும் அதில் மாட்டும். பழக்கமில்லாதவர் கையில் இருக்கும்போது வரப்பில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது.

சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம். சாதாரணக் கழுத்துப்பட்டையில் பின்னால் ஒரு இழு இழுத்தால் தலை வெளியே வந்துவிடும், அப்புறம் அதைத் துரத்திப் பிடிக்க ஆள் பிறந்து வரணும். இழுக்கும்போது மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்கச் சொல்லுங்கள், இறுகிய நிலையிலும் இரண்டு விரல் நுழையணும். கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசல் கதவைத் திறக்கணும். தீபாவளி வாரத்தில் புது ஆளிடம் நாயை விடாமல் இருப்பதே நல்லது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடணும். எங்கே என்பதுதான் கேள்வி. விஷமுறிவு மருந்து எந்தக் கிளினிக்கில் இருப்பில் இருக்கிறது, ராத்திரி யார் திறப்பார்கள் என்று சாவி வாங்குகிற அன்றே போன் போட்டுக் கேளுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம்பரும் கையில் இருக்கட்டும், ஆனால் குடந்தையிலிருந்து அது தூரம். 1962க்குப் போன் போட்டால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. அதை நம்பி வாசலில் காத்திருக்காதீர்கள்.

குடந்தை_கீழவீதி:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. செலவை யார் முடிவு செய்வது? தன்னார்வலரையே நாய் கடித்துவிட்டால்?

வெட்டாறு:
செலவுக்கு ஒரு தாள் போதும். நாயின் எடை, மருந்தும் அளவும், டாக்டர் நம்பர், என்னைப் பிடிக்க முடியாவிட்டால் இத்தனை ரூபாய் வரை சிகிச்சைக்குச் சம்மதம், அதற்கு மேல் இன்னாரைக் கேட்கவும் என்று எழுதி வீட்டுக்காரர் கையெழுத்துப் போடட்டும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா இல்லையா என்பதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். கிளினிக்கில் முதலில் கேட்பது அதைத்தான்.

மருந்துப்பெட்டி:
கடித்தால் முதல் வேலை குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனை. ரேபிஸ் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தும் போடணும். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அடிக்கடி சாவி வாங்குகிற நாலைந்து பேர் முன்கூட்டியே 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நல்லது. பிற்பாடு கடித்தாலும் 0, 3 இரண்டு நாள் ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. நாயின் ரேபிஸ் தடுப்பூசி அட்டையையும் சாவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கடி வாங்கிய பிறகு, கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே இருப்பவரிடம் அட்டை எந்த பீரோவில் என்று கேட்டால் அவருக்குக் காதில் விழாது.